80% பெண்கள், சராசரி வயது 15.8, பாதிக் கதை எம்/எம்: ஃபேன் ஃபிக்‌ஷன் புள்ளிவிவரத்தில் எதை நம்பலாம்?

#1 கயல்_எழுது

ஒரு சிற்றிதழுக்கு ஃபேன் ஃபிக்‌ஷன் (வேறொருத்தர் படைச்ச பாத்திரங்களை வெச்சு ரசிகர்கள் எழுதுற கதை, சுருக்கமா ஃபிக்) பற்றிய அறிமுகக் கட்டுரை தயாராகுது. எங்க தேடினாலும் இந்த மூணு எண்தான் வருது:

அ) ஃபிக் எழுதுறவங்க, படிக்கிறவங்கள்ல 80% பெண்கள். ஆண்கள் 4%தான்.
ஆ) சராசரி வயது 15.8.
இ) கதைகள்ல பாதி, ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான (எம்/எம்) காதல் கதை.

மூணையும் ஒரே பத்தியில போடலாமா? பொறுப்பாசிரியர் ஒவ்வொண்ணுக்கும் மூலம் கேட்கிறார். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 பேராண்டி

தாராளமா போடலாம், மூணும் மூணு ஊர்க் கணக்குன்னு அடியில எழுதிட்டு. அ ஒரு தளத்துல எடுத்த சர்வே. ஆ வேற தளத்தோட புரொஃபைல் எண்ணிக்கை. இ ஆளையே எண்ணல, கதையை எண்ணினது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது.

#3 தரவுத்தம்பி

பேராண்டி சார் சுருக்கமாக முடித்துவிட்டார். மூலம் கேட்டதால் கொஞ்சம் விரிவாக.

முதல் எண் 2013 அக்டோபரில் நடந்த ஏஓ3 சென்சஸில் இருந்து வருகிறது. ஏஓ3 என்பது ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன், ரசிகர் கதைகளைச் சேமிக்கும் தளம். 2007-இல் தொடங்கிய ஓடிடபிள்யூ என்ற லாப நோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. 2009 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ‘சென்சஸ்’ என்று பெயர் இருப்பதால் தளமே எடுத்த கணக்கெடுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஒரு ரசிகர் தனியாக நடத்திய படிவம் அது. 10,005 பேர் பதில் தந்தார்கள். சராசரி வயது சுமார் 25. பெண்கள் சுமார் 80%, ஆண்கள் 4% அளவில். ஜெண்டர்குவியர் (ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காதவர்) என்று குறித்தவர்கள் ஆண்களைவிட அதிகம். படிவம் பெரும்பாலும் டம்ப்ளர் என்ற வலைப்பதிவுத் தளம் வழியாகத்தான் பரவியது.

15.8 ஏஓ3 எண்ணே இல்லை. 1998-இல் தொடங்கிய ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் தளத்தில் 2010-இல் சேர்ந்தவர்களின் புரொஃபைல்களை ஒருவர் எடுத்துப் பார்த்துப் போட்ட கணக்கு. தன் பாலினத்தைச் சொன்னவர்களில் 78% பெண்கள், வயதைச் சொன்னவர்களின் சராசரி 15.8. இங்கே ‘சொன்னவர்கள்’ என்ற சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. புரொஃபைலில் வயதை எழுதும் பழக்கம் யாருக்கு? பதினான்கு வயதுப் பிள்ளை எழுதும். முப்பத்தெட்டு வயதில் வேலைக்குப் போகிற ஒருவர் தன் வயதை அங்கே ஏன் எழுதப் போகிறார்? இன்னொன்று, சேரும்போது போட்ட வயதைப் பலர் பிறகு மாற்றுவதே இல்லை.

ஆக, ஒரு பக்கம் டம்ப்ளரில் கண்ணில் பட்டு, நீளமான படிவத்தைப் பொறுமையாக நிரப்பியவர்கள். மறுபக்கம் புரொஃபைலில் தானே வயதை எழுதிக்கொண்டவர்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘ஏஓ3 பெரியவர்களுக்கு, ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் பிள்ளைகளுக்கு’ என்று எழுதாத கட்டுரை குறைவு. அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு உண்மையாகவும் இருக்கலாம். ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் 2002-இல் வயது வந்தோருக்கு மட்டுமான என்சி-17 தரக் கதைகளைத் தடை செய்தது. வயது வந்தோருக்கு எழுதியவர்கள் வேறு இடம் தேட அது ஒரு காரணம். ஆனால் 25-இல் இருந்து 15.8-ஐக் கழித்து 9.2 வருட வித்தியாசம் என்று சொல்லும் அளவுக்கு அந்த எண்கள் தாங்காது.

#4 வான்மதி

இ-க்கு நான் வர்றேன். பாதிங்கிறது ஏஓ3-ல மட்டும். அதுவும் ‘கேட்டகரி’ங்கிற கட்டத்துல எழுத்தாளர் டிக் பண்ணின கணக்கு. அதுல ஆறு பெட்டி இருக்கு: எஃப்/எஃப் (பெண்-பெண்), எஃப்/எம் (பெண்-ஆண்), ஜென் (காதல் இல்லாதது), எம்/எம், மல்டி (பல வகை உறவு), அதர். ஒரு கதைக்கு எத்தனை பெட்டி வேணும்னாலும் டிக் பண்ணலாம். ஒண்ணுமே பண்ணாமலும் விடலாம். அதனால ஆறையும் கூட்டினா 100% வராது. அதுல பை சார்ட் போடுறவங்களைப் பார்த்தா பாவமா இருக்கு.

எம்/எம் டிக் ஆகியிருந்தா கதையே அந்தக் காதலைப் பத்தினதுன்னு அர்த்தம் இல்லை. முக்கிய ஜோடி எஃப்/எம், பின்னணியில வர்ற ரெண்டு பேர் எம்/எம்னாலும் ரெண்டு பெட்டியும் விழும். உறவு டேகும் (கதையில ஒட்டுற குறிச்சொல்) இப்படித்தான். சாய்வுக்கோடு போட்டா காதல், ‘&’ போட்டா நட்பு இல்லை குடும்பம். ஓரமா ஒரு பத்தியில வர்ற ஜோடிக்கும் டேக் போடுறவங்க நிறைய பேர். ‘இந்த ஷிப்புக்கு (ரசிகர்கள் சேர்த்துவைக்கிற ஜோடி) 40,000 கதை’ன்னு யாராவது சொன்னா, அந்த டேக் 40,000 கதையில ஒட்டியிருக்குன்னு மட்டும் எடுத்துக்கோங்க. தேடல் பெட்டியில otp:true போட்டா (தமிழ்ல எழுதினா ஓடிபி, கோலன், ட்ரூ) ஒரே ஜோடி டேக் இருக்கிற கதை மட்டும் மிஞ்சும். பழைய ஃபேண்டம்ல (ஒரு படைப்பைச் சுத்தின ரசிகர் உலகம்) எண்ணிக்கை எவ்வளவு சரியுதுன்னு ஒருதடவை போட்டுப் பாருங்க.

ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட்ல கேட்டகரி கட்டமே கிடையாது. ரேட்டிங், ரெண்டு ஜானர், நாலு கேரக்டர் வரைக்கும்தான். யாருக்கு யார் ஜோடின்னு அடைப்புக்குறி போட்டுக் காட்டுற வசதி 2013-லதான் வந்துச்சு. அதுக்கு முந்தின கதைக்குக் கதைச்சுருக்கத்தைப் படிச்சு ஊகிக்கணும். அதனால ‘ரெண்டு தளத்துலயும் எம்/எம் எவ்வளவு’ன்னு ஒப்பிட்ட எந்த அட்டவணையைப் பார்த்தாலும், ரெண்டாவது நெடுவரிசை எப்படி வந்துச்சுன்னு கேளுங்க.

#5 யாழ்_நிலவன்

தம்பி, ஒரு சந்தேகம். 10,005 பேர் எண்டால் சின்னத் தொகை இல்லையே. தேர்தல் கருத்துக் கணிப்புக்கே ஆயிரம், ரெண்டாயிரம் பேரைத்தான் எடுக்கினம். பிழை எல்லை ஒரு வீதம்தானே வரும்?

#6 தரவுத்தம்பி

கணக்கு சரிதான் அண்ணா. 1.96 × √(0.5 × 0.5 ÷ 10005) போட்டால் 0.98% வரும். ஆனால் அந்தச் சூத்திரம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: மொத்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு தெரிந்திருக்க வேண்டும். டம்ப்ளரில் மறுபகிர்வாகிப் பரவும் படிவத்தில் அந்த வாய்ப்பு யாருக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கணக்கே இல்லாமல் கூகுளில் தேடி வந்து படித்துவிட்டுப் போகிறவருக்கு அது கிட்டத்தட்டப் பூஜ்யம். அந்த மாதிரி வாசகர்கள் ஏஓ3-இல் ஏராளம். படிக்கக் கணக்கு தேவையில்லை, கணக்கு வேண்டுமென்றால் அழைப்புக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

1936-இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, ஏறத்தாழ 24 லட்சம் பதில் வாங்கி, ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். பதில்கள் கூடக் கூடத் தற்செயல் பிழைதான் குறையும். யார் கையில் அட்டை போய்ச் சேர்ந்தது, யார் மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பினார் என்பதால் வரும் சாய்வு அப்படியே நிற்கும்.

எடை போட்டுச் சரிசெய்யலாமே என்றால், அதற்கு மொத்தக் கூட்டத்தின் வயதும் பாலினமும் வேறெங்கிருந்தாவது தெரிந்திருக்க வேண்டும். தேர்தல் கணிப்புக்கு மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறது. ஏஓ3 பதிவின்போது பாலினம் கேட்பதே இல்லை. எதை வைத்து எடை போடுவது?

அந்தச் சர்வேயைக் குப்பை என்று நான் சொல்லவில்லை. 4% என்பது உண்மையில் 10% ஆக இருந்தாலும் ‘பெரும்பான்மை பெண்கள்’ என்ற முடிவு மாறாது. தன்னைப் பாலின அல்லது பாலியல் சிறுபான்மையாகக் குறித்தவர்கள் பாதிக்கு மேல் என்ற பகுதிதான் டம்ப்ளர் சாய்வில் பெரிதாக ஆடக்கூடியது, ஏனென்றால் 2013-இல் டம்ப்ளரே அப்படிப்பட்ட இடம்.

#7 பேராண்டி

சுருக்கமா: திசையை நம்பு, தசமப்புள்ளியை நம்பாதே.

#8 கயல்_எழுது

அப்ப ஆள் கணக்கை விட்டுட்டு கதைக் கணக்கைப் போட்டா பாதுகாப்பா? ஏஓ3 தானே ஒரு டேட்டா டம்ப் (மொத்தத் தரவுக் கோப்பு) விட்டதா கேள்விப்பட்டேன். அதை எடுத்து நானே எண்ணலாமா? பைத்தான் ஓரளவு வரும்.

#9 தரவுத்தம்பி

எண்ணலாம். 2021 மார்ச்சில் ஓடிடபிள்யூ ரசிகப் புள்ளிவிவரக்காரர்களுக்காகவே வெளியிட்டது. 2021 பிப்ரவரி 26 வரைக்குமான தரவு. இரண்டு சிஎஸ்வி (அட்டவணை) கோப்புகள்.

‘வொர்க்ஸ்’ கோப்பில் ஏறத்தாழ 72.7 லட்சம் வரிகள், ஒரு வரிக்கு ஒரு கதை. நெடுவரிசைகள்: உருவான தேதி, மொழி, பூட்டியதா, முடிந்ததா, சொல் எண்ணிக்கை, டேகுகள். கடைசியில் பெயரில்லாத ஒரு வெற்று நெடுவரிசையும் வரும், பயப்பட வேண்டாம், படிக்கும்போதே விட்டுவிடுங்கள். ‘டேக்ஸ்’ கோப்பில் ஏறத்தாழ 1.44 கோடி வரிகள்: ஐடி, வகை, பெயர், கனானிக்கல் (தளம் ஏற்ற பொது வடிவம்) ஆமா இல்லையா, உத்தேசப் பயன்பாட்டு எண்ணிக்கை, மெர்ஜர் ஐடி.

எழுத்தாளர் பெயர், தலைப்பு, கதை ஐடி, ஹிட்ஸ் (கதையைத் திறந்த எண்ணிக்கை), கூடோஸ் (வாசகர் தரும் பாராட்டுக் குறி) எதுவும் கிடையாது. ஆகவே ‘ஒருவர் சராசரியாக எத்தனை கதை எழுதுகிறார்’ என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

செய்முறை:

1. இரண்டு கோப்பையும் முழுசாக நினைவகத்தில் ஏற்றாதீர்கள். 8 ஜிபி லேப்டாப் திணறும். பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் ஐந்து லட்சம் வரியாகத் துண்டு போட்டுப் படியுங்கள். இல்லாவிட்டால் டக்டிபி என்ற தரவுத்தளக் கருவியில் சிஎஸ்வியை நேரடியாக வினவுங்கள், அது இன்னும் சுலபம்.

2. டேகுகள் நெடுவரிசையில் ஐடிகள் கூட்டல் குறியால் கோத்திருக்கும். எம்/எம்-இன் ஐடி 23, எஃப்/எம் 22, ஜென் 21, அதர் 24, எஃப்/எஃப் 116, மல்டி 2246. முதல் தடவை செய்கிறவர்கள் பெரும்பாலும் விழும் பள்ளம் இங்கேதான்: ‘23’ என்ற எழுத்துத் தொடர் உள்ளே இருக்கிறதா என்று தேடுவார்கள். 1234-க்குள்ளும் 23 இருக்கிறது, 912308-க்குள்ளும் இருக்கிறது. ஒரு கதைக்குப் பத்து இருபது டேக் இருக்கும்போது எங்காவது ஒரு 23 அகப்பட்டுவிடும், எம்/எம் எண்ணிக்கை தாறுமாறாக ஏறும். கூட்டல் குறியில் பிரித்து, முழு எண்ணாக ஒப்பிடுங்கள்.

3. கேட்டகரி மட்டும் போதுமென்றால் எல்லா டேகையும் தனித்தனி வரியாக விரிக்காதீர்கள். கதைக்குப் பத்து டேக் என்று வைத்தாலே ஏழு கோடி வரி ஆகிவிடும். ஆறு ஐடிக்கும் ஆறு ஆமா/இல்லை நெடுவரிசை போட்டாலே போதும்.

4. ஃபேண்டம், ஜோடி எண்ண வேண்டுமென்றால் மெர்ஜர் ஐடியைக் கவனியுங்கள். ஒரே ஜோடியை எழுத்தாளர்கள் இருபது விதமாக எழுதியிருப்பார்கள். தன்னார்வ டேக் ராங்கிளர்கள் அவற்றை ஒரு கனானிக்கல் டேகோடு இணைத்திருப்பார்கள். மெர்ஜர் ஐடி இருந்தால் டேகை அந்த ஐடியால் மாற்றிவிட்டு, கதைக்குள் இரட்டிப்பை நீக்கி, அதற்குப் பிறகு எண்ணுங்கள். வரிசை மாறினால் ஒரே கதை இரண்டு தடவை விழும்.

5. ஐந்து தடவைக்கும் குறைவாகப் பயன்பட்ட டேகுகளின் பெயரை மறைத்து ‘ரிடாக்டட்’ என்று போட்டிருப்பார்கள். பெயரை வைத்துக் குழுவாக்கினால் உலகத்திலேயே பெரிய ஃபேண்டத்தின் பெயர் ‘ரிடாக்டட்’ என்று வரும். எப்போதும் ஐடியை வைத்துக் குழுவாக்குங்கள்.

6. மெட்டா டேக், துணை டேக் உறவு டம்பில் இல்லை. தளத்தில் ஒரு பெரிய ஃபேண்டத்தைத் தட்டினால் அதன் கீழுள்ள படம், தொடர், காமிக்ஸ் எல்லாம் சேர்ந்து வரும். டம்பில் எண்ணும்போது தனித்தனியாக நிற்கும். இரண்டும் ஒத்துவரவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

7. 2021 பிப்ரவரி முழு மாதம் இல்லை. வரைபடத்தில் கடைசிப் புள்ளியை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபேண்டம் அழிகிறது என்று யாராவது தலைப்பு வைப்பார்கள்.

#10 வான்மதி

தம்பி சொன்னதோட சிலது சேர்த்துக்கோங்க.

சொல் எண்ணிக்கையை ஹிஸ்டோகிராமா போட்டா வழவழன்னு ஒரு மேடு வரும்னு எதிர்பார்ப்பீங்க. வராது. நேரா 100-ல ஊசி மாதிரி ஒண்ணு நிக்கும். அது டிராபிள், சரியா நூறு சொல்லுல எழுதுற வடிவம். 200-லயும் ஒண்ணு எட்டிப் பார்க்கும், இரட்டை டிராபிள். 1000-ஐத் தாண்டினவுடனே ஒரு குவியல். யூல்டைட் மாதிரி, கதையைப் பரிசா எழுதிக் கொடுத்துக்கிற பரிமாற்றத்துல குறைஞ்சபட்சம் 1000 சொல்லுன்னு விதி இருக்கிறது அதுக்கு ஒரு காரணம். ஹிஸ்டோகிராம் கட்டத்தை 500 அகலத்துக்கு வெச்சா இது எதுவுமே தெரியாது. முதல் 3000 சொல்லுக்கு மட்டும் 10 அகலத்துல தனியா ஒண்ணு போடுங்க.

தேதி வாரியா பார்த்தா டிசம்பர் கடைசியில முள்ளு நிக்கும். அதே யூல்டைட், 2003-லேர்ந்து வருஷா வருஷம் நடக்குது, கிறிஸ்துமஸ் அன்னிக்குக் கதை எல்லாத்தையும் ஒண்ணா திறப்பாங்க. சின்ன ஃபேண்டம்ல ‘டிசம்பர்ல மும்மடங்கு வளர்ச்சி’ன்னா அனேகமா இதுதான். மூடப்போற பழைய ஆர்க்கைவுகளை ‘ஓப்பன் டோர்ஸ்’ திட்டத்துல ஏஓ3-க்கு மாத்துவாங்க, அப்பவும் இப்படித் திடீர் முள்ளு வரலாம். எழுதின வருஷமும் ஏஓ3-ல ஏறின வருஷமும் வேற வேற.

அப்புறம் மொழி. சீனம், ஜப்பானியம், தாய் எழுத்துல இருந்தா ஏஓ3 ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சொல்லா எண்ணும், அந்த மொழிகள்ல சொல்லுக்கு நடுவுல இடைவெளி இல்லாததால. அதனால ‘சீனக் கதைகள் நீளமானவை’ங்கிற முடிவு எண்ணுற முறையில பாதி கரைஞ்சிடும். மொழியைக் கலந்து சராசரி எடுக்காதீங்க. சீன மொழி வரைபடத்துல 2020 பிப்ரவரி 29-க்கு ஒரு கோடு போடுங்க, அன்னிலேர்ந்து சீனாவுல தளத்தை மறிச்சாங்க.

‘முடிந்ததா’ நெடுவரிசையை வெச்சு ‘பெரும்பாலான கதை முடிக்கப்படுது’ன்னு எழுதாதீங்க. ஒரே அத்தியாயக் கதை போட்டவுடனே முடிந்தது கணக்குல போயிடும். டம்புல அத்தியாய எண்ணிக்கை இல்லாததால அதைப் பிரிக்க வழியில்லை. தொடர்கதைகளை அம்போன்னு விட்டுட்டுப் போற விகிதம் வேணும்னா தளத்துல தேடல் வடிகட்டியிலதான் பார்க்கணும்.

#11 பேராண்டி

சராசரி வேணாம். இடைநிலை போடுங்க. பத்து லட்சம் சொல்லைத் தாண்டின கதைகள் கொஞ்சம்தான், ஆனா சராசரியைத் தூக்கிட்டுப் போயிடும்.

கதை ஐடியைப் பார்த்து மொத்தம் சொல்ற பழக்கமும் இருக்கு. 2022 டிசம்பர்ல ஏஓ3 ஒரு கோடியாவது படைப்பைக் கொண்டாடினப்ப ஐடி நாலு கோடியைத் தாண்டியிருந்துச்சு. வரைவு போட்டு வெளியிடாம விட்டதுக்கும் ஐடி உண்டு, அழிச்சதுக்கும் உண்டு.

#12 தரவுத்தம்பி

அழித்த கதை என்றதும் ஒன்று. டம்பில் இருப்பது 2021 பிப்ரவரியில் உயிரோடு இருந்தவை மட்டும். 2010-இல் போட்டு 2015-இல் எழுத்தாளரே நீக்கிய கதை அதில் இல்லை. பழைய வருடத்துக்கு நீக்கக் கிடைத்த காலம் அதிகம், ஆகவே பழைய வருடங்கள் உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும், வளர்ச்சி உள்ளதைவிடச் செங்குத்தாகத் தெரியும். 10 லட்சம் எட்டியது 2014 பிப்ரவரியில், ஒரு கோடி எட்டியது 2022 டிசம்பரில் என்று அந்தந்த நேரத்து அறிவிப்பை வைத்து எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை.

#13 செந்தூரம்

கூடோஸ், ஹிட்ஸ் விகிதத்தை வைத்துத் ‘தரம்’ அளக்கும் அட்டவணைகள் சுற்றுகின்றன. அவற்றைக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரு கதைக்கு ஒரு கணக்கிலிருந்து ஒரு கூடோஸ்தான். அத்தியாயம் அறுபது இருந்தாலும் ஒன்றுதான். ஹிட்ஸ் அப்படியல்ல, வாசகர் ஒவ்வொரு புதிய அத்தியாயத்துக்கும் திரும்பி வரும்போது ஏறிக்கொண்டே போகும். எனவே தொடர்கதையின் விகிதம் பெரும்பாலும் ஒரே அத்தியாயக் கதையைவிடக் கீழேதான் நிற்கும். வாசகருக்குப் பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. பின்னூட்ட எண்ணிக்கையில் எழுத்தாளர் சொன்ன பதில்களும் சேரும். எல்லாருக்கும் நன்றி சொல்லும் எழுத்தாளருக்கு அந்த எண் இரட்டிப்பாகும்.

ஆய்வுத் தாள்களில் இருந்து எடுக்க வேண்டுமென்றால், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செசிலியா அரகோன் குழு 2017-இல் ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் முழுவதற்கும் மேல்நிலைத் தரவு திரட்டியது: ஏறத்தாழ 68 லட்சம் கதைகள், 85 லட்சம் பயனர்கள், 17.67 கோடி விமர்சனங்கள். அடுத்த ஆண்டு அதே குழுவினர் வெளியிட்ட தாளில்தான் அந்தப் புகழ்பெற்ற எண் வருகிறது: 650 விமர்சனம் பெற்றால் எழுத்தாளரின் சொல்வளம் ஒரு வயது முதிர்ச்சிக்குச் சமமாக உயர்கிறது.

#14 பேராண்டி

@செந்தூரம் அந்த 650-ஐ ‘விமர்சனம் எழுத்தாளரை வளர்க்கிறது’ன்னு போடுவாங்க பாருங்க, எரிச்சல் வரும். அங்க அளந்தது எம்டிஎல்டிங்கிற அளவை. ஒரே சொல் எவ்வளவு சீக்கிரம் திரும்ப வருதுன்னு பார்க்கிறது. கதை நல்லா இருக்கான்னு அதுக்குத் தெரியாது.

#15 செந்தூரம்

உண்மைதான். தாளின் தலைப்பிலேயே ‘முன்னறிவிக்கிறது’ என்றுதான் இருக்கிறது, ‘உண்டாக்குகிறது’ என்று இல்லை. விமர்சனம் நிறைய வாங்குகிறவர் தொடர்ந்து எழுதுகிறார், எழுத எழுத வளம் கூடுகிறது என்றும் அதே எண்ணைப் படிக்கலாம். ஆனாலும் அந்த ஆய்வு லேசானதல்ல. 2019-இல் அவர்கள் எழுதிய புத்தகத்தில் நேர்காணல்களும் களப்பணியும் சேர்ந்தே வருகின்றன. ஒரு பெரிய குருவுக்குப் பதிலாக நூறு பேர் ஆளுக்கொரு வரி சொல்லிக் கற்றுத்தரும் முறையை அவர்கள் ‘பரவலாக்கப்பட்ட வழிகாட்டல்’ என்கிறார்கள். கட்டுரைக்கு 650-ஐவிட அந்தக் கருத்து பயன்படும்.

#16 கயல்_எழுது

இப்படி எழுதலாமா பாருங்க:

“2013 அக்டோபரில் ஒரு ரசிகர் நடத்திய, பெரும்பாலும் டம்ப்ளர் வழியே பரவிய சர்வேயில் பதிலளித்த 10,005 ஏஓ3 வாசகர்களில் ஐந்தில் நான்கு பேர் தம்மைப் பெண் என்று குறித்தனர். அத்தளத்தின் கதைகளில் ஏறத்தாழ பாதி, எம்/எம் என்ற வகைக்குறியைத் தாங்கியவை. ஒரு கதை பல வகைக்குறிகளைத் தாங்கலாம்.”

15.8-ஐத் தூக்கிட்டேன்.

#17 வான்மதி

நல்லா இருக்கு. ‘வாசகர்களில்’ங்கிறதை ‘பயனர்களில்’னு மாத்துங்க, எழுதுறவங்களும் அதுல இருந்தாங்க.

#18 யாழ்_நிலவன்

இதெல்லாம் ஆங்கிலக் கூட்டத்தின்ர கணக்கு. தமிழில எழுதிறவையளைப் பற்றி ஒரு சின்ன சர்வே செய்தால் என்ன? ஏஓ3-இல தமிழ் மொழி எண்டு வடிகட்டினால் வாறது மிகக் கொஞ்சம்.

#19 வான்மதி

அண்ணா, மொழி வடிகட்டி தமிழ் ரசிகர்களைக் காட்டாது. ஏஓ3-ல பொன்னியின் செல்வன் டேகைத் திறந்து பாருங்க, பெரும்பாலும் ஆங்கிலத்துலதான் எழுதுறாங்க. நாவலுக்குத் தனி டேக், படத்துக்குத் தனி டேக், பலர் ரெண்டையும் போடுறாங்க. தனித்தனியா எண்ணிக் கூட்டினா ஒரே கதை ரெண்டு தடவை வரும். தமிழ்ல எழுதுறவங்க வாட்பேட், பிரதிலிபி பக்கம் இருக்காங்க, அங்க ஃபேன் ஃபிக்‌ஷன்னு பேர் போடாமலே எழுதுறவங்களும் உண்டு. அதனால சர்வேக்கு ஆள் தேடுற இடத்தைப் பொறுத்து விடையே மாறும்.

#20 தரவுத்தம்பி

செய்வதென்றால் இதையெல்லாம் முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

யார் என்பதை நடத்தையால் வரையறுங்கள். ‘நீங்கள் ஃபேன் ஃபிக்‌ஷன் எழுத்தாளரா?’ என்று கேட்டால் நாலு கதை போட்டவரும் கூச்சப்பட்டு ‘இல்லை’ என்பார். ‘கடந்த 12 மாதத்தில் வேறொருவர் படைத்த பாத்திரங்களை வைத்துக் கதை எழுதி இணையத்தில் போட்டீர்களா?’ என்று கேளுங்கள். எழுதுவது, படிப்பது, பின்னூட்டம் இடுவது மூன்றும் தனிக் கேள்விகள்.

ஒவ்வொரு இடத்துக்கும் தனி இணைப்பு. வாட்பேடில் பகிர ஒன்று, டெலிகிராமுக்கு ஒன்று, இன்ஸ்டாவுக்கு ஒன்று. ஒரே படிவத்தின் நகல்களாக இருந்தாலும் போதும். முடிவுகளை இடம் வாரியாகத் தனித்தனி நெடுவரிசையில் போடுங்கள். மூன்றிலும் ஒரே விடை வந்தால் நம்பிக்கை கூடும். தாறுமாறாக வந்தால் மொத்தச் சராசரிக்கு அர்த்தமே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஒரு சதவீதம் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

கூகுள் படிவத்தில் ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்பதை இயக்கினால் உள்நுழையச் சொல்லும். புனைபெயரில் எழுதுகிறவர்கள் சொந்தப் பெயர் ஜிமெயிலோடு உள்ளே வர மாட்டார்கள், அங்கேயே திரும்பிவிடுவார்கள். அதை அணைத்து வையுங்கள். இரட்டைப் பதில் கொஞ்சம் வரும். எல்லாக் கட்டங்களும் ஒத்து, சில நிமிட இடைவெளியில் வந்தவற்றைக் கண்ணால் பார்த்து நீக்கலாம்.

வயதைத் தொகுதியாகக் கேளுங்கள், ஆனால் 18-க்குக் கீழ் என்ற எல்லை ஒரு தொகுதியின் நடுவில் விழக் கூடாது. ‘16-20’ என்று போட்டால் பிறகு பிரிக்க முடியாது.

பாலினக் கேள்வியில் பல தேர்வு அனுமதித்தால், அட்டவணையின் தலையிலேயே ‘கூட்டினால் 100-ஐத் தாண்டும்’ என்று எழுதிவிடுங்கள்.

#21 செந்தூரம்

18-க்குக் கீழ் பற்றி: இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 நிறையாதவர் குழந்தை, அவர்களின் தனிநபர் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். ஏஓ3-இன் 13 வயது எல்லையைப் பார்த்து அப்படியே நகலெடுக்காதீர்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வாங்காமல் இருப்பது ஒரு வழி. 18-க்குக் கீழ் என்று குறித்தவுடன் படிவத்தை நன்றியோடு முடித்துவிடுவது இன்னொரு வழி. இரண்டாவதைச் செய்தால் ‘வயது வந்தோரில்’ என்று ஒவ்வொரு சதவீதத்தின் முன்னும் வர வேண்டும்.

#22 பேராண்டி

கதைகளை ஸ்கிரேப் பண்ணிச் சேர்க்கலாம்னு யாரும் இறங்கிடாதீங்க. 2025-ல ஒருத்தர் ஏஓ3-லேர்ந்து 1.26 கோடி படைப்பை உருவி ஹக்கிங் ஃபேஸ்ங்கிற ஏஐ தரவுத் தளத்துல ஏத்தினார், ஓடிடபிள்யூ காப்புரிமைப் புகார் கொடுத்தாங்க. ஏஐ பயத்துல ஏற்கெனவே நிறைய பேர் கதையைக் கணக்கு இருக்கிறவங்களுக்கு மட்டும்னு பூட்டிட்டாங்க. லாகின் பண்ணாம எண்ணினா அதெல்லாம் கணக்குலயே வராது. போன வருஷ எண்ணை லாகின் பண்ணியும் இந்த வருஷ எண்ணை லாகின் பண்ணாமலும் எடுத்து ‘ஃபேண்டம் சுருங்குது’ன்னு போட்ட வரைபடம் எல்லாம் சுத்துது.

#23 யாழ்_நிலவன்

சரி, கேள்விக்கொத்தை இந்தக் கிழமைக்குள்ள எழுதி இங்க போடுறன். தம்பி, மூலத் தரவை எல்லாருக்கும் திறந்து விடலாமோ?

#24 தரவுத்தம்பி

அப்படியே விட வேண்டாம் அண்ணா. தமிழில் எழுதுகிறவர்கள் கூட்டம் சின்னது. வயதுத் தொகுதி, நாடு, ஃபேண்டம் மூன்றும் சேர்ந்தாலே ‘நார்வேயில் இருந்து இந்தத் தொடருக்கு எழுதுகிறவர் யார்’ என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடும். ஐந்து பேருக்குக் கீழ் வரும் கட்டத்தை மறைத்துவிடுங்கள், ஏஓ3 டம்பில் செய்த மாதிரி. பக்கத்துக் கட்டத்தையும் மொத்தத்தையும் வைத்துக் கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி அதே வரிசையில் இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும். நாட்டை ‘இந்தியா, இலங்கை, மற்றவை’ என்று மூன்றாகச் சுருக்கினால் பாதி வேலை குறையும். திறந்த பதில்களை மொத்தமாகவே எடுத்துவிடுங்கள், அதில் தங்கள் கதைத் தலைப்பையே எழுதிவைப்பார்கள்.